சீர்திருத்தப்பட்டது மதம், வளர்ந்தது அரசு!

(இளைஞர் பயிலரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





அன்பிற்கினிய சகோதரர்களே! இளைஞர்களே! கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் வணிகப் பெருமக்களே!

ஒரு பேச்சு நெடுநாளாக நம் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். கல்லூரிகளில் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் சொல்கிறார்கள். என்ன பேச்சு? ஐரோப்பாவில் மார்ட்டின் லூதர் தோன்றினாராம். மதத்தைச் சீர்திருத்தினாராம். அன்றோடு மதம் வேறு, அரசு வேறு என்று ஆகிவிட்டதாம். அதனால் அவர்கள் முன்னேறினார்களாம். முஸ்லிம்களிடம் ஒரு லூதர் தோன்றாததால் நாம் பின்தங்கிப் போனோமாம்!

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்குக் கோபம் வருகிறது. சிலருக்கு வெட்கம் வருகிறது. இரண்டும் வேண்டாம். அவர்கள் சொல்லும் அந்த வரலாற்றையே திறந்து பார்ப்போம். லூதர் என்ன கேட்டார்? என்ன கிடைத்தது? கிடைத்தது யார் கைக்குப் போனது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், நம் சமுதாயம் எதைச் செய்ய வேண்டும், எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதும் இன்ஷா அல்லாஹ் தெளிவாகிவிடும்.

கடனில் தொடங்கிய கதை

வணிகர்களே, இந்தக் கதை ஒரு கடன் பத்திரத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஆல்பிரக்ட் என்று ஓர் இளம் பேராயர். ஏற்கெனவே ஒரு பேராயர் பதவி கையில் இருந்தது. 1514ல் மைன்ஸ் நகரின் பேராயர் பதவியும் கிடைத்தது. ஒருவரே இத்தனை பதவிகளை வைத்துக்கொள்ள ரோமாபுரிக்குப் பெரும் தொகை கட்ட வேண்டும். பணம் இல்லை. ஆக்ஸ்பர்க் நகரின் ஃபுக்கர் என்ற வட்டித் தொழில் குடும்பம் கடன் கொடுத்தது. கடனை அடைப்பது எப்படி? போப் பத்தாம் லியோ வழி காட்டினார். பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக்கொள்ளலாம். வரும் பணத்தில் பாதி ஃபுக்கருக்கு. பாதி ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்டுவதற்கு. டெட்செல் என்ற துறவி ஊர் ஊராகச் சென்று சீட்டு விற்றார். வட்டிக்கடைக்காரரின் ஆளும் கூடவே போனார், வசூல் பெட்டியின் சாவியோடு!

இதைத்தான் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் துறவியுமான லூதர் எதிர்த்தார். 1517 அக்டோபர் 31ல் தம்முடைய 95 வாதங்களை ஒரு கடிதத்தோடு அந்தப் பேராயருக்கே அனுப்பினார். பாவத்தை மன்னிப்பது இறைவன் கையில் இருக்கிறது, சீட்டு விற்பவன் கையில் இல்லை என்பது அதன் சாரம்.

லூதர் துருக்கியரைப் பற்றியும் நம் மார்க்கத்தைப் பற்றியும் கடுமையாக எழுதியவர்தான். அதற்காக அவர் பக்கத்து நியாயத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. பாதிரியாரைக் கடவுளுக்கும் அடியானுக்கும் நடுவே தரகராக நிறுத்துவதை அவர் எதிர்த்தார். பாமரனும் வேதத்தைத் தன் மொழியில் படிக்க வேண்டும் என்றார். 1522ல் புதிய ஏற்பாட்டையும், 1534ல் முழு பைபிளையும் ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். அச்சு இயந்திரம் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. படிப்பு பரவியது. இவை நல்ல காரியங்கள்.

சிற்றரசரின் நிழலில்

ஆனால் லூதரை உயிரோடு காப்பாற்றியது யார்? இங்கேதான் கதை திரும்புகிறது.

அவரது ஊரை ஆண்டவர் சாக்சனியின் சிற்றரசர் ஃபிரெடரிக். புனிதர்களின் எலும்பு, ஆடை என்று 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைச் சேர்த்து வைத்துக் காட்சிக்குத் திறந்தவர். டெட்செலின் சீட்டு வியாபாரத்தைத் தம் நாட்டுக்குள் விடாதவரும் அவரே. தம் மக்களின் பணம் வெளியே போவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1521ல் வோர்ம்ஸ் சபையில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் லூதர் பின்வாங்க மறுத்தார். சட்டப் பாதுகாப்பு இல்லாதவர் என்று அறிவிக்கப்பட்டார். அப்போது அவரைக் கடத்துவதுபோல் கடத்தி, வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்துக் காத்தவர் இந்த ஃபிரெடரிக்தான்.

அதற்கு முந்தைய ஆண்டே, 1520ல், லூதர் ஜெர்மன் பிரபுக்களுக்கு ஒரு நூல் எழுதியிருந்தார். திருச்சபை தன்னைத் திருத்திக்கொள்ளாது; நீங்கள் முன்வந்து திருத்துங்கள் என்பது அதன் அழைப்பு. பிரபுக்கள் முன்வந்தார்கள். வராமல் இருப்பார்களா? நாட்டின் நிலத்தில் பெரும்பங்கு திருச்சபையிடம் இருந்ததே!

விவசாயிகளும் முன்வந்தார்கள். வேதத்தைப் படித்த அவர்கள், 1525ல் மெம்மிங்கன் நகரில் 12 கோரிக்கைகளை எழுதினார்கள். முதல் கோரிக்கை என்ன தெரியுமா? எங்கள் ஊர் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. எங்களை அடிமையாக வைத்திருக்காதீர்கள் என்பதும் அதில் ஒன்று. இது ஒரு ஜமாஅத் கேட்கும் கோரிக்கை அல்லவா? ஆனால் கிளர்ச்சி வெடித்ததும், அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களைத் தூண்டி எழுதினார் லூதர். கொல்லப்பட்டவர்கள் 1 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்.

அதன் பிறகு சீர்திருத்தம் மக்கள் கையில் இல்லை. 1527 முதல் சாக்சனியில் சிற்றரசரின் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. குழுவில் மத அறிஞர் இருந்தார். அரசாங்க வழக்கறிஞரும் இருந்தார். போதகருக்கு என்ன தெரியும், சம்பளம் எவ்வளவு, கோயில் சொத்து எவ்வளவு என்று எழுதினார்கள். போதகர் மெல்ல மெல்ல அரசரின் சம்பளக்காரர் ஆனார். அரசாணையை மேடையில் நின்று வாசிப்பதும் அவர் வேலையாயிற்று.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். இந்த இயக்கம் வேர்பிடிக்க உதுமானியப் படையும் ஒரு காரணம். 1529ல் சுல்தான் சுலைமான் வியன்னாவை முற்றுகையிட்டார். 1532ல் மீண்டும் படை கிளம்பியது. அதை எதிர்க்கச் சார்லஸுக்குப் புராட்டஸ்டண்ட் சிற்றரசர்களின் பணமும் படையும் தேவைப்பட்டன. அதே 1532ல் நியூரம்பர்க்கில் அவர்களோடு தற்காலிகச் சமாதானம் செய்துகொண்டார். மதத் தகராறு என்று நாம் படிப்பதற்குள் எத்தனை கணக்குகள் இருக்கின்றன, பாருங்கள்!

மடாலயச் சொத்து எங்கே போனது?

இப்போது சொத்துக் கணக்குக்கு வருவோம். நம் பெரியவர்கள் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் வக்ஃபு எழுதி வைத்ததுபோல, ஐரோப்பியர்களும் தலைமுறை தலைமுறையாக மடாலயங்களுக்கு எழுதி வைத்தார்கள். ஏழைக்கு உணவு, நோயாளிக்கு மருத்துவம், வழிப்போக்கனுக்குத் தங்குமிடம், பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் அதில் நடந்தன. ஊழலும் நடந்தது.

இங்கிலாந்தைப் பாருங்கள். மன்னர் எட்டாம் ஹென்றி 1521ல் லூதரை எதிர்த்து நூல் எழுதி, போப்பிடம் "விசுவாசத்தின் காவலர்" என்ற பட்டம் பெற்றவர். பிறகு மனைவியை விலக்க போப் அனுமதிக்கவில்லை என்றதும், 1534ல் இங்கிலாந்துத் திருச்சபைக்கு நானே தலைவர் என்று சட்டம் இயற்றினார். 1535ல் அதிகாரிகளை அனுப்பித் திருச்சபைச் சொத்துகளின் வருமானத்தை எல்லாம் ஏடு ஏடாகக் கணக்கெடுத்தார். சீர்திருத்தத்துக்குத்தான் கணக்கு என்றார்கள். 1536 முதல் 1540க்குள் ஏறத்தாழ 800 மடாலயங்கள் மூடப்பட்டன. நிலமெல்லாம் மன்னருக்கு. ஏழைக்காகவா செலவிட்டார்? 1547ல் அவர் இறப்பதற்குள் பாதிக்கு மேல் விற்றும் வழங்கியும் தீர்ந்தன. பெரும்பணம் போருக்குப் போனது. நிலம் பிரபுக்களுக்கும் செல்வந்தர்களுக்கும் போனது.

1538ல் இன்னோர் ஆணை. ஒவ்வோர் ஊர் ஆலயத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். புதிதாக வரி போடத்தான் எழுதுகிறார்கள் என்று மக்கள் பயந்தார்கள். ஒரு மனிதன் பிறந்ததும் இறந்ததும் அரசுக்குத் தெரியும் காலம் அப்படித்தான் தொடங்கியது.

ஹென்றியின் சீர்திருத்தம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு நாள் போதும். 1540 ஜூலை 30. லண்டனில் ஸ்மித்ஃபீல்டு திடலில் அறுவர் கொல்லப்பட்டார்கள். மூவர் புராட்டஸ்டண்டுகள், மன்னரின் மதத்தை மீறிய குற்றத்துக்காக எரிக்கப்பட்டார்கள். மூவர் கத்தோலிக்கர்கள், மன்னரைத் திருச்சபைத் தலைவராக ஏற்காத குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். இரு தரப்புக்கும் குற்றம் ஒன்றே: மன்னர் நம்பச் சொன்னதை நம்பாதது!

சுவீடனைப் பாருங்கள். மன்னர் குஸ்டாவ் வாசா, லூபெக் நகர வணிகர்களிடம் கடன் வாங்கி ஆட்சியைப் பிடித்தவர். நாட்டு நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திருச்சபையிடம் இருந்தது. 1527ல் வெஸ்டெராஸ் சபையில் அதன்மீது கைவைத்தார். கடன் அப்போதும் தீரவில்லை. 1531ல் ஆலயத்துக்கு ஒரு மணி கொடுங்கள் என்றார். மணியை உருக்கிக் கடனை அடைக்க! டாலர்னா பகுதி மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். எழுந்தவர்களின் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள்.

பிரஷ்யாவையும் பாருங்கள். சிலுவைப் போரின்போது, 1190ல், பாலஸ்தீனத்தின் அக்கா நகரில் பிறந்தது டியூட்டானிக் துறவிப் படை. அதன் தலைவர் ஆல்பர்ட் 1525ல் லூதரின் வழிக்கு மாறினார். துறவுக் கோலத்தைக் களைந்தார். பிரஷ்யாவில் இருந்த படையின் நிலம் அவருடைய குடும்பச் சொத்தாயிற்று! பின்னாளில் ஐரோப்பாவை அதிரவைத்த பிரஷ்ய அரசின் விதைகளில் அது ஒன்று.

டென்மார்க்கில் 1536ல் மன்னர் மூன்றாம் கிறிஸ்டியன் பிஷப்புகளைக் கைது செய்து, அவர்களின் சொத்தை எடுத்துக்கொண்டார். அன்றுமுதல் மதப் பிரசாரமும் மன்னரின் வேலையாயிற்று. 1706ல் நம் தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு பாதிரியாரை அனுப்பியது யார்? டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்!

போப்போடு உறவை முறிக்காத மன்னர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபிரான்ஸ் மன்னர் 1516லேயே போப்போடு ஒப்பந்தம் போட்டு, பிஷப்புகளை நியமிக்கும் உரிமையைத் தாமே பெற்றுக்கொண்டார். ஸ்பெயினில் 1478 முதல் மத விசாரணை மன்றம் அரசரின் கையில் இருந்தது. அதன் விளைவை நம்மைவிட அதிகமாக உணர்ந்தவர் யார்? 1491ல் கிரனடா முஸ்லிம்களுக்கு எழுதிக் கொடுத்த உடன்படிக்கையில் மார்க்கத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று இருந்தது. பத்தே ஆண்டுகளில் அது காற்றில் பறந்தது. 1502ல் கஸ்டீலில் மதம் மாறு, இல்லையேல் வெளியேறு என்றார்கள். மாறியவர்களையும் விடவில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 லட்சம் பேரை நாட்டைவிட்டே விரட்டினார்கள்.

ஆள்பவரின் மதமே மக்களின் மதம்

மதத்தையும் அரசையும் பிரித்தார்கள் என்கிறார்களே, 1555ல் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்தான சமாதானம் என்ன சொன்னது? எந்தச் சிற்றரசரின் நாடோ, அவருடைய மதமே அந்த நாட்டின் மதம்! கத்தோலிக்கம், லூதரியம் இரண்டில் ஒன்றை ஆள்பவர் தேர்ந்தெடுப்பார். பிடிக்காத குடிமகன் சொத்தை விற்றுவிட்டு வெளியேறலாம். இவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த உரிமை.

பாலட்டினேட் என்ற ஒரு சிறிய நாட்டில் என்ன நடந்தது பாருங்கள். 1556ல் வந்த சிற்றரசர் லூதரியத்தை நிலைநாட்டினார். அடுத்தவர் 1563க்குள் கால்வினின் வழிக்கு மாற்றினார். 1576ல் வந்த மகன் மீண்டும் லூதரியம் என்றார். 1583ல் மீண்டும் கால்வின் வழி. முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் இத்தனை முறை நம்பிக்கையை மாற்ற வேண்டியிருந்தது. அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. அரண்மனையில் ஆள் மாறினார், அவ்வளவுதான்.

இதன் முடிவு 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர். ஜெர்மன் நிலப்பரப்பில் மக்கள் தொகை ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை அழிந்தது என்று மதிப்பிடுகிறார்கள். வரி வாங்கத் தெரிந்த, படை வைத்திருக்கத் தெரிந்த, பதிவேடு எழுதத் தெரிந்த அரசுகள் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தன.

இந்தச் சீர்திருத்தமா மதத்தையும் அரசையும் பிரித்தது? இங்கிலாந்தின் மன்னரே இன்றும் அந்நாட்டுத் திருச்சபையின் உச்ச ஆளுநர். சுவீடனில் அரசும் திருச்சபையும் பிரிந்தது 2000ஆம் ஆண்டில்தான்! மனசாட்சியின் சுதந்திரம் லூதர் கையில் தயாராக வைத்திருந்த பரிசு அல்ல. இரு தரப்பாலும் அடிபட்ட சிறுபான்மையினரும், சண்டையால் சந்தை கெட்டதைக் கண்ட வணிகர்களும், போரில் களைத்த மக்களும் நூறு, இருநூறு ஆண்டுகள் போராடிப் பெற்றது அது.

மன்னர் கொடுத்தார், மன்னர் எடுத்தார்

இளைஞர்களே, இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். ஃபிரான்ஸில் கால்வின் வழியைப் பின்பற்றிய சிறுபான்மையினரை ஹியூகனாட்டுகள் என்பார்கள். நெசவாளர், வணிகர், கடிகாரத் தொழிலாளர் அவர்களில் ஏராளம். 1572 ஆகஸ்டில் பாரிஸில் தொடங்கிய படுகொலையில் ஆயிரக்கணக்கில் மாண்டவர்கள். 1598ல் மன்னர் நான்காம் ஹென்றி நான்ட் நகரில் ஒரு சாசனம் கொடுத்தார். குறிப்பிட்ட ஊர்களில் வழிபாடு நடத்தலாம். அரசு வேலை பார்க்கலாம். வழக்குகளுக்குக் கலப்பு நீதிமன்றம் உண்டு. தற்காப்புக்குச் சுமார் 150 இடங்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். போதகர்களுக்கு மானியம்கூட மன்னரின் கஜானாவிலிருந்து!

முதலில் கோட்டையை நம்பினார்கள். 1627ல் லா ரோஷெல் துறைமுகத்தை அரசுப்படை முற்றுகையிட்டது. அவர்களுக்கு உதவ வந்த ஆங்கிலேயக் கப்பற்படை உதவியது மன்னருக்குத்தான். அந்நியருக்குத் துணை போகிறவர்கள் என்ற பழியைச் சுமத்த அது போதுமானதாக இருந்தது. 1628 அக்டோபரில் நகரம் விழுந்தபோது, சுமார் 27 ஆயிரம் பேரில் 5 ஆயிரம் பேர்தான் எஞ்சியிருந்தார்கள். ஆயுதம் அவர்களைக் காக்கவில்லை.

பிறகு மன்னரின் தயவை நம்பினார்கள். 1648க்குப் பின் ஃபிரான்ஸில் உள்நாட்டுக் கலகம் வந்தபோது மன்னரின் பக்கம் உறுதியாக நின்றார்கள். 1652ல் பதினான்காம் லூயி அவர்களின் விசுவாசத்தைப் பாராட்டிச் சாசனத்தை உறுதி செய்தார். எத்தனை மகிழ்ந்திருப்பார்கள்!

ஒன்பதே ஆண்டுகள். 1661ல் விசாரணை அதிகாரிகள் கிளம்பினார்கள். உங்கள் ஆலயத்துக்கு ஆவணம் எங்கே? சாசனம் குறிப்பிடும் காலத்தில் இங்கே வழிபாடு நடந்தது என்பதற்குச் சான்று எங்கே? காட்ட முடியாத ஆலயங்கள் இடிக்கப்பட்டன. சாசனம் ரத்தாகவில்லை, சாசனத்தின் எழுத்தை வைத்தே இடித்தார்கள்! 1676ல் மதம் மாறுவோருக்குப் பணம் கொடுக்க ஒரு நிதி தொடங்கினார்கள். அதை நடத்தியவரே முன்பு ஹியூகனாட்டாக இருந்தவர். 1680ல் அவர்களின் பெண்கள் மருத்துவச்சி வேலை பார்க்கத் தடை. 1681ல் ஏழு வயதுக் குழந்தையே மதம் மாறலாம் என்று ஆணை. அதே ஆண்டு வீடுகளில் முரட்டுக் குதிரைப்படையினரைத் தங்க வைத்தார்கள்; மதம் மாறினால் வெளியேறுவார்கள்.

கடைசியில் 1685 அக்டோபரில் சாசனமே ரத்து. சொன்ன காரணம் என்ன? பெரும்பாலோர் மதம் மாறிவிட்டார்கள், இனி சாசனம் தேவையில்லை! போதகர்கள் 15 நாட்களில் வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறினால் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. அதையும் மீறிச் சுமார் 2 லட்சம் பேர் தப்பி ஓடினார்கள். சில வாரங்களிலேயே பிராண்டன்பர்க் சிற்றரசர் தம் நாட்டுக்கு வாருங்கள் என்று ஆணை வெளியிட்டார். சுமார் 20 ஆயிரம் பேர் அங்கே குடியேறித் தொழில் வளர்த்தார்கள். ஃபிரான்ஸ் இழந்தது, பெர்லின் பெற்றது.

நம் வீட்டுக் கண்ணாடி

சகோதரர்களே! பிறர் வீட்டுக் குறையை மட்டும் பேசுவது மார்க்கம் கற்றவனுக்கு அழகல்ல. லூதர் வாழ்ந்த அதே நூற்றாண்டில் நம் பக்கம் என்ன நடந்தது? 1501ல் தப்ரீஸில் ஷா இஸ்மாயில் ஆட்சிக்கு வந்து, ஷியாக் கொள்கையை அரச கட்டளையால் திணித்தார். எதிரே உதுமானிய அரசு சுன்னத் வல் ஜமாஅத்தைத் தன் அரச முத்திரையாக்கியது. 1514ல் சால்திரானில் இரு படைகளும் மோதின. உதுமானிய ஆட்சியில் உலமாக்கள் படிப்படியான பதவிகளும் சம்பளமும் உள்ள அரசு ஊழியர்களாக ஆனார்கள். அரசு வளரும்போது மார்க்கத்தின்மீது கைவைக்கும் ஆசை எல்லா மன்னருக்கும் வந்தது. தலைப்பாகை வேறு, ஆசை ஒன்று.

ஆனால் நம்மிடம் இன்னொரு மரபும் உண்டு. ஹிஜ்ரி 218ல், அதாவது 833ல், கலீபா மஃமூன் திருக்குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற கேள்வியில் தம் கருத்தை எல்லா அறிஞர்களும் ஏற்க வேண்டும் என்று விசாரணை வைத்தார். பலர் பணிந்தார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) பணியவில்லை. மஃமூனுக்குப் பின் வந்த முஃதஸிம் காலத்தில் கசையடி பட்டார்கள். ஆயுதம் எடுக்கவில்லை, சொல்லையும் மாற்றவில்லை. முதவக்கில் காலத்தில் விசாரணையே கைவிடப்பட்டது. மார்க்கக் கொள்கையை அரண்மனை தீர்மானிக்கும் முயற்சி அங்கே தோற்றது.

அதற்கும் முன்னால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கூஃபா நகரில் துணி வியாபாரி! கலீபா மன்சூர் காஜி பதவி கொடுத்தார். மறுத்தார்கள். சிறைப்பட்டார்கள். ஹிஜ்ரி 150ல், 767ல், பக்தாதில் வஃபாத்தானார்கள். அவர்களால் எப்படி மறுக்க முடிந்தது? ஈமான் முதல் காரணம். இரண்டாவது காரணத்தை வணிகர்களே, நீங்கள் புரிந்துகொள்வீர்கள். அவர்களின் அடுப்பு அரண்மனை விறகில் எரியவில்லை. கடை வருமானத்தில் எரிந்தது.

நமக்கு என்ன பாடம்?

ஒரு லூதர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான். இஸ்லாஹ் வேண்டும். தவறுகளைத் திருத்த வேண்டும் என்பதில் நமக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அதை நாமே செய்வோம். ஆட்சியாளரின் கையால் செய்துகொள்ள மாட்டோம்.

இதில் நமக்கு ஒரு கசப்பான செய்தி இருக்கிறது. மடாலயங்களை மன்னர்கள் பறித்தபோது ஏன் பலர் வேடிக்கை பார்த்தார்கள்? உள்ளே ஊழல் இருந்தது. கணக்கு இல்லை. சொத்து ஏழைக்குப் போகவில்லை என்ற கோபம் மக்களிடம் இருந்தது. அந்தக் கோபத்தின்மீது ஏறித்தான் அதிகாரி உள்ளே வந்தார். முத்தவல்லி கணக்குக் காட்டாத ஊரில், கணக்குக் கேட்க வெளியே இருந்து ஆள் வருவார்; நம் மக்களே கைதட்டுவார்கள்! கைக்கூலி கேட்கும் வீட்டை ஜமாஅத் தட்டிக் கேட்காவிட்டால், கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜமாஅத் நியாயம் வழங்காவிட்டால், அந்தப் பெண்ணின் கண்ணீரைச் சாக்காக வைத்து நம் வீட்டுக் கதவைத் திறப்பார்கள். அந்தக் கதவை அவர்கள் உடைக்கவில்லை. நாம் தாழ்ப்பாள் போடாமல் விட்டோம்.

ஆகவே மூன்று காரியங்கள்.

முதலாவது, பணம். ஆலிம்களையும் மதரஸாக்களையும் சமுதாயத்தின் ஹலாலான பணம் தாங்க வேண்டும். இமாமுக்குக் கண்ணியமான சம்பளம் கொடுங்கள். ஊருக்கு ஒரு பைத்துல் மால் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஜும்ஆ முடிந்ததும் அதன் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். இமாமின் சம்பளத்துக்கு யாரிடம் கையேந்துகிறோமோ, மிம்பரில் அவருடைய குரல்தான் கேட்கும்.

இரண்டாவது, ஆவணம். ஹியூகனாட்டுகளின் ஆலயங்கள் தாள் இல்லாததால் விழுந்தன. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பத்திரம் எங்கே? கபரஸ்தானின் எல்லை எழுதப்பட்டிருக்கிறதா? நிகாஹ் பதிவேடு கரையான் அரிக்காமல் இருக்கிறதா? இளைஞர்களே, அறுபது ஆண்டுக்கு முன் நடந்ததைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். இந்த மாதமே போய் உட்காருங்கள், எழுதி வாங்குங்கள், நகல் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். கொடி பிடிப்பதைவிட இது பெரிய பணி.

மூன்றாவது, உரிமை. ஹியூகனாட்டுகளிடம் இருந்தது மன்னர் கொடுத்த சலுகை. அது அவர்களுக்கு மட்டும் உரியது. பறிக்கப்பட்டபோது கேட்க வேறு யாரும் வரவில்லை. நம்மிடம் இருப்பது அரசியல் சட்டம். அதன் 25ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தை முஸ்லிமுக்கென்றோ கிறிஸ்தவருக்கென்றோ தனியாகக் கொடுக்கவில்லை, எல்லோருக்கும் கொடுக்கிறது. 26ஆம் பிரிவு ஒவ்வொரு மதப் பிரிவுக்கும் தன் மத காரியங்களைத் தானே நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. ஆகவே பக்கத்து ஊரில் தேவாலயத்துக்குத் தொல்லை என்றால் நமக்கும் கவலை இருக்க வேண்டும். ஆலயத்துக்குள் விடமாட்டோம் என்று ஒரு தலித் சகோதரரைத் தடுத்தால் நமக்கும் குரல் இருக்க வேண்டும். எல்லோருக்காகவும் கேட்டால்தான் நமக்கும் நிலைக்கும்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தந்த அடிப்படை. ஐரோப்பாவுக்கு அந்தப் பாடம் லட்சக்கணக்கான பிணங்களுக்குப் பிறகு கிடைத்தது. நம் கையில் அது முதலிலிருந்தே இருக்கிறது. அதை மேடையில் பெருமையாகச் சொல்வதோடு நிற்காமல், கருத்து வேறுபட்ட சகோதரனிடமும் வேறொரு மத்ஹபுக்காரரிடமும் நடந்துகாட்டுவோம். ஊர் விலக்கம் செய்து ஒருவன் வாயை அடைக்கும் ஜமாஅத்துக்கு எட்டாம் ஹென்றியைக் குறை சொல்லத் தகுதி இல்லை.

வல்ல அல்லாஹ் நம் சமுதாயத்துக்குத் தெளிந்த அறிவையும், கணக்குக் காட்டும் துணிவையும், ஒற்றுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.